மோட்டார் வாங்கும் முன் படகை அளந்து பாருங்கள்

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த பைபர் படகுகள் தமிழகக் கரையோரத் தொழிலையே மாற்றின. துடுப்பும் பாயும் செய்த வேலையை வெளிப்பொருத்தும் மோட்டார் எடுத்துக்கொண்டது. கூடவே அன்றாட எரிபொருள் செலவும் வந்தது. மோட்டாருக்குப் பணம் ஒருமுறைதான். எரிபொருளுக்கோ மீன் படாத நாளிலும் கொடுத்தாக வேண்டும். ஆகவே படகுக்கும் தொழிலுக்கும் பொருந்தும் மோட்டாரைத் தேர்வது குடும்ப வருமானத்தைக் காக்கும் முடிவு.

எத்தனை குதிரைத்திறன்?

நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு, அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. நீரில் அமரும் நீளம் 25 அடி என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 6.7 நாட், மணிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். வலை, ஐஸ், ஆள் என்று சுமையேற்றிய படகை அதற்கு மேல் விரட்டினால், தான் எழுப்பும் அலையோடு போராடியே எரிபொருளைத் தீர்க்கும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே தூரத்துக்கு எரிபொருள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும்.

அதற்காக மிகச் சிறிய மோட்டாரும் ஆகாது. கரை அலையைத் தாண்டவும், எதிர்க்காற்றில் திரும்பவும் கையிருப்பு வலு வேண்டும். முழு வேகம் கொடுக்காமலே வழக்கமான ஓட்டம் கிடைக்கும் மோட்டாரே சரியான அளவு. உங்கள் படகுக்கு அனுமதிக்கப்பட்ட குதிரைத்திறனையும் மானிய விவரத்தையும் மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஷாஃப்ட் நீளம்

சிறிய மோட்டார்கள் பெரும்பாலும் 15 அங்குலம், 20 அங்குலம் என இரு ஷாஃப்ட் அளவுகளில் வருகின்றன. மோட்டாரை மாட்டும் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை அளந்துகொள்ளுங்கள். விசிறிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். ஷாஃப்ட் குட்டையானால் அலையில் விசிறி காற்றை இழுக்கும். இன்ஜின் அலறும், படகு நகராது. நெட்டையானால் நீர் இழுவை கூடும். கரையேறும்போது மணலில் தட்டும்.

டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

கார்புரேட்டர் உள்ள டூ-ஸ்ட்ரோக் எடை குறைவு, பழுது பார்ப்பது எளிது. துறைமுகம் இல்லாத ஊரில், தொழில் முடிந்ததும் மோட்டாரைக் கழற்றித் தோளில் தூக்கிப்போக இதுவே தோது. ஆனால் எரிபொருளில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு போய்விடும். ஆயிலும் கலக்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் எடையும் விலையும் கூடுதல், எரிபொருள் செலவு குறைவு. தொலைதூரம் ஓடுபவருக்கு அந்தக் கூடுதல் விலை மிச்சத்திலேயே திரும்ப வரும். கழற்றி வைக்கும்போது கையேடு சொல்லும் பக்கமாகவே படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். அதே அளவு இன்ஜினில் பெட்ரோலைவிட வலுவும் குறைவு. உங்கள் ஊரில் மண்ணெண்ணெய் தடையின்றிக் கிடைத்தால் மட்டுமே இதை யோசியுங்கள்.

விசிறியும் பராமரிப்பும்

முழுச் சுமையோடு, முழு வேகத்தில், இன்ஜின் கையேட்டில் குறித்த சுழற்சியை எட்ட வேண்டும். பல மோட்டார்களில் அது நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 வரை. எட்டவில்லையெனில் விசிறியின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். அதில் ஓர் அங்குலம் குறைத்தால் சுழற்சி 150 முதல் 200 வரை கூடும். பெரிய மோட்டார் தேவை என்று நினைத்த படகுக்கு இந்த மாற்றமே போதுமானதாக இருக்கலாம்.

கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். ஓடும்போது குளிர்விக்கும் நீர் வெளியேறுவது நின்றால், உடனே நிறுத்தி, அந்த நீரை இறைக்கும் இம்பெல்லரைப் பாருங்கள். கியர் ஆயில் பால்போல வெளுத்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது.

உதிரிப்பாகமும் மெக்கானிக்கும் பக்கத்தில் கிடைக்கும் மாடலாகப் பார்த்து, அதே மோட்டார் ஓடும் படகில் ஒருநாள் போய், எத்தனை கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் குதிரைத்திறனைவிட, அந்தக் கணக்கை நம்பி வாங்குங்கள்.