அம்மாவுக்கு இல்லம் தேடுகிறீர்களா? வீட்டை எழுதி வைக்கும் முன் கணக்குப் போடுங்கள்!

பீர்க்கன்கரணையில் ஒரு காலத்தில் சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து மனை வாங்கியவர்கள் இன்று தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-ம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. மனை விலை எங்கோ போய்விட்டது.

ஆனால் பகல் முழுவதும் அந்த வீட்டில் இருப்பது யார்? வயதான ஒரு தாய். தன்னந்தனியாக!

மகன் காலையிலேயே பெருங்களத்தூர் ரெயில் நிலையத்துக்கு ஓடுகிறார். மருமகளும் வேலைக்குப் போகிறார். ஒரு நாள் குளியல் அறையில் தாய் வழுக்கி விழுகிறார். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு வருகிறது.

"அம்மா, ஒரு நல்ல ஹோம் இருக்காம். நர்சு எல்லாம் இருக்காங்களாம்."

"அதெல்லாம் இருக்கட்டும்டா. மாசாமாசம் பணம் யாரு கட்டுறது?"

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் பல வீடுகளில் நடக்கிற பேச்சுதான். அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லம் தேடக் கூடாது. பிறகு தவிக்க நேரிடும்.

முதலில் டாக்டர்

விழுந்ததற்குக் காரணம் கண் புரையாக இருக்கலாம். மூட்டு வலியாக இருக்கலாம். சாப்பிடுகிற மாத்திரையால் வந்த தலைச்சுற்றலாகவும் இருக்கலாம். சரி செய்யக்கூடிய கோளாறுக்காக வீட்டை விட்டே ஒருவரை அனுப்புவது நியாயமா?

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பெருங்களத்தூரில் மின்சார ரெயில் ஏறினால் கிண்டியில் இறங்கலாம். அங்கே காட்டிவிட்டு, தானாக என்னென்ன செய்ய முடிகிறது, எதற்கு ஆள் தேவை என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாதிரி இல்லம் வேண்டும் என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும்.

எல்லா இல்லமும் ஒன்றல்ல. ஆதரவற்றவர்களுக்கான இலவச இல்லம் ஒன்று. சாப்பாடும் அறையும் தரும் கட்டண இல்லம் இன்னொன்று. குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து கொடுத்துக் கவனிக்கும் இல்லம் வேறு. அதற்குச் செலவு கூடுதல். நடக்க முடிகிறவரை மட்டும் சேர்த்துக்கொண்டு, படுத்துவிட்டால் "கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லும் இடங்களும் உண்டு. இதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

மாதக் கணக்கு

உதாரணத்துக்கு இல்லக் கட்டணம் மாதம் ரூ.20 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.2 லட்சத்து 40 ஆயிரம். ஆண்டுதோறும் 8 சதவீதம் ஏற்றினால் 9 ஆண்டுகளில் அதே அறைக்கு ரூ.40 ஆயிரம் ஆகிவிடும்!

பணம் எங்கே இருந்து வரும்?

தபால் ஆபீசில் முதியோர் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 வயது ஆனவர்கள் ரூ.30 லட்சம் வரை போடலாம். 2025-ம் ஆண்டில் வட்டி 8.2 சதவீதம். 3 மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும். ரூ.10 லட்சம் போட்டால் மாதத்துக்கு ரூ.6,833 கணக்காகிறது.

வீட்டில் ஒரு பகுதியை விட்டு ரூ.9 ஆயிரம் வாடகை வந்தால் மொத்தம் ரூ.15,833. குறைவது ரூ.4,167. மூன்று பிள்ளைகள் பங்கு போட்டால் ஆளுக்கு ரூ.1,400 கூட ஆகாது. "நான் மட்டும்தான் கட்டணுமா?" என்ற சண்டை இந்தக் கணக்கைப் பார்த்தால் பாதி அடங்கிவிடும்.

ஜி.எஸ்.டி. சாலைக்காரர்கள் இன்னொரு ஜி.எஸ்.டி.யையும் மறக்கக் கூடாது. அரசு இல்லங்களிலும், வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளை இல்லங்களிலும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதம் ரூ.25 ஆயிரம் வரை கட்டணத்துக்கு அந்த வரி இல்லை. மற்ற இடங்களில் சொல்லும் தொகை வரியோடு சேர்ந்ததா, தனியா என்று கேளுங்கள். முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டின் மேல் பாங்கு மாதாமாதம் பணம் தரும் 'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' திட்டமும் உண்டு. ஆனால் அந்த வீட்டிலேயே குடியிருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள உதவும். இல்லத்துக்குப் போகிறவருக்கு உதவாது.

வீடு யார் பேரில்?

விபரீதம் நடப்பது இங்கேதான். "வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடு. கடைசி வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்" என்பார் ஒரு பிள்ளை. தாயும் பாசத்தில் கையெழுத்துப் போடுவார். அத்தோடு வாடகையும் போச்சு, அதிகாரமும் போச்சு!

நாகப்பட்டினத்தில் அப்படித்தான் நடந்தது. ஒரு மூதாட்டி மகனுக்கு வீட்டை எழுதி வைத்தார். மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை என்று ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தார். பத்திரம் ரத்தானது. மருமகள் அப்பீல் செய்தார். "பத்திரத்தில் நிபந்தனை எழுதாவிட்டாலும், பாசத்தால் எழுதிக் கொடுத்ததே நிபந்தனைதான்" என்ற கருத்தில் சென்னை ஐகோர்ட்டு 2025-ம் ஆண்டு மார்ச்சில் மூதாட்டி பக்கமே தீர்ப்பு சொன்னது.

2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் மத்திய பிரதேசத் தாய் ஒருவருக்கு வீட்டைத் திரும்பக் கிடைக்கச் செய்தது. ஆனாலும் 2022-ம் ஆண்டு வேறு ஒரு வழக்கில் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று அதே கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற வரி பத்திரத்தில் இருக்கட்டும். எழுதாமல் இருப்பது அதைவிட நல்லது!

ஆர்.டி.ஓ.விடம் மனு

பிள்ளைகள் பணம் தராவிட்டால் 2007-ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி மனு போடலாம். பீர்க்கன்கரணைக்காரர்கள் போக வேண்டியது தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசு. மகன், மகள் இருவருக்கும் பொறுப்பு உண்டு. சட்டத்தில் உள்ள உச்ச வரம்பு மாதம் ரூ.10 ஆயிரம். மேலே சொன்ன ரூ.20 ஆயிரம் கட்டணத்தில் இது பாதிதான். முதியோரைக் கைவிட்டுப் போனால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

யோசனை கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது.

சொல்லாமல் போங்கள்

இல்லத்தை விளம்பரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2018-ம் ஆண்டு காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஓர் இல்லத்தில் இருந்த முதியோர்களை அதிகாரிகள் வேறு இடங்களுக்கு மாற்றிய பரபரப்பு பலருக்கும் நினைவிருக்கும். அரசுப் பதிவு இருக்கிறதா, எதுவரை செல்லும் என்று காகிதத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போங்கள். இரவில் எத்தனை பேர் கண் விழித்திருப்பார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது யார் என்று கேளுங்கள். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ரெயில் போகிற ஊராகப் பாருங்கள். போய் வரச் சிரமமான ஊரில் மலிவாகக் கிடைக்கிறது என்று சேர்த்தால், வாரா வாரம் போன மகன் பிறகு தீபாவளிக்குத்தான் போவார்.

கடைசியாக ஒன்று. கூடவே அம்மாவையும் கூட்டிப் போங்கள். அறையை அவர் பார்க்கட்டும். சாம்பாரை அவர் ருசி பார்க்கட்டும். ஒரு மாதம் தங்கிப் பார்த்துப் பிறகு சொல்லட்டும். பாஸ் புத்தகமும் வீட்டுப் பத்திரமும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

அப்போது "பணம் யாரு கட்டுறது?" என்று அந்தத் தாய் கேட்க வேண்டியிருக்காது. "பிடிக்கலேன்னா திரும்பி வந்துடுவேன்" என்று தைரியமாகச் சொல்ல முடியும். திரும்பி வர அவருக்கு ஒரு வீடு இருக்கும்!