நாய்க்குட்டி ஏன் மண்ணைத் தின்கிறது?

வாசலில் விட்டதும் மண், கல், காய்ந்த இலை என்று உங்கள் வீட்டு நாய்க்குட்டி வாயில் போட்டுக்கொள்கிறதா? பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. குட்டிக்கு வாய்தான் கை. எதையும் கவ்விப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். நான்காம் மாதவாக்கில் அதன் 28 பால்பற்கள் விழத் தொடங்கி, 42 நிலைப்பற்கள் முளைக்கும். அந்த ஈறு நமைச்சலுக்குச் செருப்பும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான்.

ஆனால் தினமும் மண்ணையே தேடித் தின்றால் ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இரத்தசோகை இருக்கலாம். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு அதற்கு முக்கியமான ஒரு காரணம். அந்தப் புழுவின் குஞ்சுகள் மண்ணிலேயே இருப்பதால், தின்னத் தின்னத் தொற்றும் கூடும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவில் பூச்சிமருந்து கொடுங்கள்.

மண்ணைவிட எனக்குப் பயம் மாங்கொட்டைதான். விழுங்கினால் குடலை அடைத்துவிடும். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, சாப்பாட்டையும் தொடவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். வாயில் எதையாவது கவ்விய குட்டியைத் துரத்தாதீர்கள். பறிபோகுமே என்ற அவசரத்தில் விழுங்கிவிடும். பிடித்த தீனி எதையாவது காட்டினால், கவ்வியதைப் பெரும்பாலும் தானே கீழே போட்டுவிடும்.