புதிய செயலிக்குத் தொகுப்பி வாய்த்த கதை

மனிதர் எழுதும் நிரல் ஒரு மொழியில் அமைகின்றது. கணனியின் செயலி அறிவதோ வேறொரு மொழி. இந்த இரண்டு எண்களைக் கூட்டு, விடையை இந்த இடத்தில் வை என்பன போன்ற சின்னஞ்சிறு கட்டளைகளே அதற்கு விளங்கும். நாம் எழுதியதை அக்கட்டளைகளாக மாற்றித் தரும் நிரலைத் தொகுப்பி என்பர். கம்பைலர் என்றும் வழங்குவர். தக்க தொகுப்பி இல்லையேல், எத்துணை விரைவுடைய செயலியும் பூட்டிய வீட்டுப் பொருளே.

1987ஆம் ஆண்டில் றிச்சாட் ஸ்டோல்மன் வெளியிட்ட ஜீ.சி.சி. என்னும் தொகுப்பியின் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. எவரும் அதைப் படிக்கலாம், திருத்தலாம், தம் திருத்தத்தைச் சேர்க்குமாறு வேண்டலாம். ஆயினும் வேண்டிய பொழுதெல்லாம் வாயில் திறவாது. ஆண்டுதோறும் ஒரு பெரும் பதிப்பு வெளிவரும். அதற்கு முந்திய காலம் மூன்று பருவங்களாக வகுக்கப்பட்டுள்ளது. முதற் பருவத்தில் புதுமைகளுக்கு இடமுண்டு. அடுத்ததில் பிழை திருத்தம் மட்டுமே. இறுதிப் பருவத்தில், முன்னர் செவ்வையாக இயங்கிப் பின்னர் பழுதுற்றவற்றைச் சீர்செய்வதே தொழில். கதிர் முற்றிய வயலில் நாற்று நடுவார் உண்டோ?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தில் 2010இல் தோன்றியது றிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதி. அதற்குரிய பகுதியை அமைத்தோர் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை ஜீ.சி.சி.க்கு அளித்தபொழுது, ஏழாம் பதிப்பின் வாயில் அடைபடும் தறுவாயில் இருந்தது. தவறவிட்டால் எட்டாம் பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அது வெளிவந்ததோ 2018 மே மாதத்தில்தான்.

காலம் கடந்தும் இடம் கிடைத்தது எவ்வாறு? நிரலைப் படித்து ஆராயும் முற்பகுதியும், அதனைச் செப்பனிடும் நடுப்பகுதியும் எல்லாச் செயலிகளுக்கும் பொது. கட்டளைகளை ஆக்கும் கடைப்பகுதி மட்டுமே செயலிக்குச் செயலி வேறுபடும். புதிய செயலியின் விவரம் பெரும்பாலும் தனக்கென ஒரு தனி அடைவிலேயே தங்கிவிடுகின்றது. அதில் பிழையிருப்பின் அச்செயலியைப் பயன்படுத்துவோரே இடர்ப்படுவர், பிறர்க்குக் கேடில்லை. ஆகவேதான், பொதுப்பகுதியைத் தீண்டாத புதிய செயலிக்கு இரண்டாம் பருவத்திலும் இடமளிக்க விதி உண்டு.

ஆயினும் வாயிலில் நின்றோர் கேட்டவை சில. வழிநடத்தும் குழுவினர் ஒப்பவேண்டும். வரிவரியாக ஆராய்வோர் காட்டும் குறைகள் தீரவேண்டும். யாவற்றினும் மேலாக, அப்பகுதியை நாளையும் பேணுவதற்குப் பொறுப்பாளர் வேண்டும். இவையாவும் நிறைவேறி, பெப்ரவரியில் றிஸ்க்-ஃபைவ் உள்ளே வந்தது. 2017 மே 2ஆம் திகதி வெளியான பதிப்பில் உலகெங்கும் சென்றது.

பொறுப்பாளரை ஏன் இத்துணை வற்புறுத்துகின்றனர்? பொதுப்பகுதி ஆண்டுதோறும் மாறுகின்றது; அதனோடு ஒவ்வொரு செயலியின் பகுதியும் மாறியாக வேண்டும். செல் என்னும் செயலியின் துணைக் கூறுகளுக்காக அமைந்த பகுதி, 2019இல் கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டு, 2020இல் வெளியான பத்தாம் பதிப்பில் நீக்கப்பட்டது. உள்ளே வந்த பகுதியும் பேணுவார் இல்லையெனில் வெளியேறும்.

எனவே நேயர்களே, கெடுவுக்குள் கொண்டு சேர்ப்பது இப்பணியின் பாதியே. அன்று ஏற்ற பொறுப்பை ஆண்டாண்டு தோறும் சுமப்பதே மறுபாதி.