சூடு தருவது கம்பளியா, காற்றா?

பள்ளி விடுமுறையில் கோத்தா திங்கியிலிருந்து கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறோம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நம் ஊரைவிட அங்கே ஏறக்குறைய 9 பாகை குறைவு. மலை ஏறுவதற்கு முன்பே, இரவுப் பேருந்தின் குளிர்சாதனம் வயதானவர்களை நடுங்க வைத்துவிடும். இதற்குக் கையால் பின்னிய ஒரு மஃப்ளர் போதும்.

கம்பளி சூடு தரும் என்கிறோம். உண்மையில் கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. அந்த வேலையைச் செய்வது அதற்குள் அடைபட்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். நீர் அதைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். ஆகவே மலைத்தூறலில் நனைந்த மஃப்ளரை உடனே கழற்றிவிட வேண்டும்.

கழுத்தை ஏன் மூட வேண்டும்? உடலை ஒட்டிய சூடான காற்று மேலெழுந்து, சட்டைக் கழுத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. மஃப்ளர் அந்த வழியை அடைக்கிறது.

6 மில்லிமீட்டர் ஊசியில், நடுத்தரப் பருமனுள்ள நூலால் 30 கண்ணி போட்டுத் தொடங்கலாம். எல்லா வரிசையையும் ஒரே நேர்ப் பின்னலாகப் பின்னினால் இரு பக்கமும் மேடு பள்ளமாக வரும். காற்று தங்க அதுவே இடம். 150 சென்டிமீட்டர் நீளம் போதும். இறுக்கிப் பின்னினால் காற்றுக்கு இடமில்லை. மிகவும் தளர்த்தினால் குளிர்சாதனக் காற்று உள்ளே புகுந்து, அடைபட்ட சூடான காற்றைத் தள்ளிவிடும். அளவாகத் தளர்த்திப் பின்னி, இரண்டு சுற்றாகச் சுற்றுவதே நல்லது.

கம்பளி தன் எடையில் சுமார் 30 விழுக்காடு வரை நீராவியை ஈர்த்தும் ஈரமாகத் தோன்றாது, வியர்த்தாலும் பிசுபிசுக்காது. அக்ரிலிக் நூல் அவ்வளவு ஈர்க்காது. ஆனால் விலை மலிவு, துவைப்பதும் எளிது. கம்பளி அரிக்கும் தோலுக்கும் ஏற்றது.

ஓர் எச்சரிக்கை: தூங்கும் குழந்தையின் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றாதீர்கள், மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. அவர்களுக்குக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போதும்.

மாணவர்களே, ஒரே அளவுள்ள மூன்று புட்டிகளில் வெந்நீர் நிரப்புங்கள். ஒன்றில் உலர்ந்த மஃப்ளரையும் மற்றொன்றில் நனைத்த மஃப்ளரையும் சுற்றுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். எந்தப் புட்டி கடைசியில் ஆறுகிறது என்பதைப் பார்த்தால், காற்றின் வேலை உங்களுக்கே விளங்கும்.