குழாயைத் தட்டுவது யார்?



என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள், "சார், திங்கட்கிழமை காலையில் செம்பனை ஆலையின் ஆவிக் குழாய்க்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வருகிறதாம். அப்பா சொன்னார். அடிப்பது யார்?" என்று கேட்டான். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இருக்கும் நாம் எல்லோரும் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது. அடிப்பது பேயுமன்று, பிசாசுமன்று, தண்ணீர்தான்.

செம்பனைக் குலைகளை முதலில் நீராவியில் அவிக்கிறார்கள். அப்போதுதான் பழங்கள் குலையைவிட்டுக் கழலும், எண்ணெயும் கெடாது. இதற்கான ஆவியின் வெப்பம் ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ். பாய்லரிலிருந்து குழாய்வழியே அது வருகிறது.

இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். ஆவி குளிர்ந்த பொருளைத் தொட்டால் நீராகிவிடும். ஞாயிறு ஓய்வில் குளிர்ந்து கிடந்த குழாயிலும் இதுதான் நடக்கிறது. அந்த நீர் குழாயின் தாழ்ந்த இடங்களில் தேங்கி நிற்கும்.

இப்போது வால்வைச் சட்டென்று முழுவதும் திறந்தால் என்ன ஆகும்? பாய்ந்து வரும் ஆவி, தேங்கிய நீரை அலையாக எழுப்பிக் குழாயை அடைக்கும். பிறகு அந்த நீர்க்கட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும். ஆவி வளைவில் திரும்பிவிடும். கனமான நீர் திரும்ப முடியாமல் வளைவில் மோதும்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு குவளைத் தண்ணீர் கொதித்து முழுவதும் ஆவியானால், சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 1,700 குவளை இடத்தை அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த நீருக்கு நடுவே ஆவி சிக்கினால், அது நொடியில் சுருங்கி நீராகிவிடும். வெறுமையான அந்த இடத்தை நிரப்ப நாலாபுறமும் நீர் பாய்ந்து மோதும். நீரை அழுத்திச் சுருக்க முடியாதல்லவா? அதனால் அந்த அடியை இரும்புதான் தாங்க வேண்டும்.

2007 ஜூலை 18இல், நியூயார்க் நகரில், கட்டடங்களுக்கு ஆவி கொண்டுசெல்லும் குழாய் ஒன்று வீதிக்கடியில் வெடித்தது. 1924இல் பதித்த குழாய் அது. தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டிய கருவிகள் அடைபட்டிருந்தன. ஓர் உயிர் போயிற்று, பலர் காயமுற்றனர்.

ஆகவே, ஆவி விடுமுன் வடிகுழாயைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். பிறகு வால்வைச் சிறிதே திறந்து, குழாய் சூடேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதன்பின் மெல்ல மெல்லத் திறக்கலாம். இடையில் தட்டும் சத்தம் கேட்டால், பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஆவியை நிறுத்தி, அழுத்தம் இறங்கிய பிறகே நீரை வடிக்க வேண்டும். மற்றவர்கள் விலகி நின்று அவருக்குத் தகவல் சொன்னால் போதும்.

"தினமும் கேட்கிற சத்தம்தானே" என்று இருந்துவிடாதீர்கள். அது குழாய் தரும் எச்சரிக்கை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, ஆலை வேலைக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.