பொற்சிமிழும் செய்தவர் பெயரும்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் செல்வர்கள் மூக்குப்பொடி வைத்துக்கொண்ட பொற்சிமிழ்களை இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். தங்கத்தின் எடைக்காக மட்டுமன்று. செய்தவர் இன்னாரென்று தெரிவதும் ஒரு காரணமாகும்.

பாரிஸ் பொற்கொல்லர் சங்கத்தில் தலைமைத் தொழிலாளர் முந்நூற்றுவருக்கு மேல் இருத்தலாகாது என்பது அக்காலத்து விதி. ஒவ்வொருவரும் தமக்குரிய முத்திரையைப் பதிவு செய்தல் வேண்டும். முடியணிந்த லில்லி மலர், பெயரின் முதலெழுத்துகள், சொந்த அடையாளம் ஒன்று, இரு சிறு புள்ளிகள் ஆகியவை அதில் அமையும். மாற்றில் சட்டம் பொறுத்துக்கொண்ட சிறு குறைவையே அப்புள்ளிகள் குறித்தன. தரம் கண்ட பின் சங்கம் தன் முத்திரையை இடும். அதன் எழுத்து ஆண்டுதோறும் மாறும். வேலை தொடங்கும்போது வரிக் குத்தகைதாரர் ஒரு முத்திரையும், வரி செலுத்தியபின் மற்றொன்றும் குத்துவர். ஆகவே, 1734-இல் தலைமைத் தொழிலாளராக ஏற்கப்பட்ட ழான் துக்ரொலேயின் சிமிழொன்று கிடைத்தால், அது எவ்வாண்டைச் சேர்ந்தது என இன்றும் அறியலாம். ஆயினும், மினா தீட்டியவரும் சித்திரம் செதுக்கியவரும் பெரும்பாலும் பெயரின்றியே மறைந்தனர். இது அம்முறையின் குறையே.

இவற்றினும் பழைய பேழையொன்று நமக்கு அண்மையில், இலங்கையில் உருவாயிற்று. கோட்டை அரசன் ஏழாம் புவனேகபாகு 1540-களில் போர்ச்சுகல் மன்னனுக்கு அனுப்பியதாகக் கருதப்படும் அத்தந்தப் பேழை, பொன்னும் மாணிக்கமும் நீலமும் பதித்தது. இப்போது ஜெர்மனியில் மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் உள்ளது. பேரன் தர்மபாலனின் பொற்பிரதிமைக்கு லிஸ்பனில் முடிசூட்டிய நிகழ்ச்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அனுப்பியவர் பெயரும் பெற்றவர் பெயரும் தெரியும். செதுக்கியவர் பெயர் தெரியாது.

நம் பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. கோரையைக் கீறி, ஊறவைத்து, நூற்பாவில் நெய்யும் அத்தொழிலின் ஊர்ப்பெயரைப் பிறர் கவராமல் அது காக்கும். ஆனால், முரட்டுப் பாய்க்கும் பட்டுப்போல் மடியும் பாய்க்கும் ஊர் ஒன்றே. வாங்கியவர் ‘அதே கைவேலை இன்னொன்று வேண்டும்’ எனக் கேட்டால் சங்கம் யாரைச் சுட்டும்? தணிக்கையில் நாம் காணும் இருப்புப் பதிவேடுகள் சிலவற்றில் அளவும் விலையும் உண்டு, நெய்தவர் இல்லை. பாயின் ஓரத்துணி உட்புறத்தில் அங்கத்தினர் எண்ணை மையால் எழுதி, பதிவேட்டில் ஒரு பத்தியில் அதனை ஏற்றினால் போதும், செலவு ஏதுமில்லை. இதனைத் தீர்மானமாகக் கொணர விரும்பும் அங்கத்தினர், பொதுக்கூட்டத்திற்கு முன்னரே செயலாளரிடம் எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும்.