தளவாய் இல்லாத படை

இராஜபாளையத்துக்கு அண்மையில் தளவாய்புரம் என்றோர் ஊர் உண்டு. தளவாய் என்பது மதுரை நாயக்கர் காலத்தில் சேனாதிபதிக்கு வழங்கிய பட்டம். அரியநாத முதலியாரும் இராமப்பய்யனும் அப்பட்டம் தாங்கியவர்கள். ஊர்ப்பெயரில் அச்சொல் நிலைத்துவிட்டது. அதன் பொருளை மட்டும் நாம் மறந்தோம்.

யுத்தத்தைப் பற்றிப் பேசும்போது வீரத்தைக் கொண்டாடுவதே நமது வழக்கம். வீரம் வேண்டுவதே. ஆயினும் வள்ளுவர் படைமாட்சியை வகுத்துரைத்து முடிக்குமிடத்தில், உறுதி மிக்க வீரர் பலர் இருப்பினும் தலைவர் இல்லையேல் அது படையாகாது என்றே முடித்தார். இவ்வுண்மைக்கு வெளிநாட்டுச் சரித்திரத்தைத் தேட வேண்டுவதில்லை. தளவாய்புரத்துக்குத் தெற்கேயுள்ள நெற்கட்டுஞ்செவலும் வாசுதேவநல்லூருமே போதிய சாட்சியம்.

1755-ல் கர்னல் ஹெரான் நெற்கட்டுஞ்செவல் கோட்டையின் முன் வந்து பணம் கேட்டார். மண்சுவரை இடிக்கத்தக்க பெரும்பீரங்கி அவரிடம் இல்லை, உணவும் குறைந்திருந்தது. பூலித்தேவர் இதனை அறிந்து இணங்க மறுத்தார். ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். பின்னர் இராணுவ விசாரணைக்குட்பட்டுப் பதவியும் இழந்தார். எதிரியின் பலக்குறைவைக் கணித்துப் பொறுத்திருப்பது தலைமையின் முதல் லட்சணம்.

1759-ல் யூசுப்கான் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டான். அவன் சிப்பாய்கள் கோட்டையைத் தாக்கிக்கொண்டிருக்கையில் பூலித்தேவர் நெற்கட்டுஞ்செவலிலிருந்து புறப்பட்டு அவர்கள் பாசறையின் மேல் பாய்ந்தார். உள்ளே ஒரு படை தாங்க, வெளியே ஒரு படை தாக்க, இரண்டையும் ஒரே சிந்தை நடத்தியது. முற்றுகை முறிந்தது.

இத்தகைய தலைவர் தோற்றதேன்? வீரக்குறைவால் அன்று. மேற்குப் பாளையக்காரர் பலர் அவரோடு நின்றனர். ஆனால் அவர் அவர்களுக்கு நண்பரேயன்றித் தளவாய் அல்லர். ஒவ்வொரு பாளையத்தின் வீரரும் தம் பாளையக்காரரின் சொல்லுக்கே கட்டுப்பட்டவர். ஒவ்வொருவரும் தத்தம் கோட்டையைக் காத்தனர். அனைவரின் நாட்டையும் காக்கும் அதிகாரம் ஒருவர் கையிலும் இல்லை. கிழக்கே எட்டயபுரம் போன்ற பாளையங்கள் அவரோடு சேரவில்லை. துணையாயிருந்த திருவிதாங்கூரை, களக்காட்டுப் பகுதியைக் கொடுத்து யூசுப்கான் 1759-லேயே தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

எதிர்ப்பக்கத்திலோ ஆணை ஒன்று, பொக்கிஷம் ஒன்று. யூசுப்கான் தன் தோல்வியின் காரணத்தை ஆராய்ந்தான். பெரும்பீரங்கியும் வெடிமருந்தும் சேர்த்தான். 1761-ல் மீண்டும் வந்து நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைக் கைப்பற்றினான். 1767-ல் கர்னல் காம்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கியபோது, குண்டுமாரிக்கிடையே சுவரின் பிளவுகளை வைக்கோலும் பனையும் கொண்டு அடைத்த மறவரின் தீரத்தைப் பகைவரே வியந்தனர். வியப்பினால் கோட்டை நிலைக்கவில்லை.

யூசுப்கானின் முடிவும் ஒரு பாடமே. பிறருக்காகப் படை நடத்திய அவன், தனக்கென நிற்கத் துணிந்தபோது, முற்றுகைக்குள் தன் ஆட்களாலேயே பிடிக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். அச்சத்தால் பெற்ற கீழ்ப்படிதல் ஆபத்துக் காலத்தில் உதவாது. பூலித்தேவருக்கு அன்பிருந்தது, அதிகாரமில்லை. யூசுப்கானுக்கு அதிகாரமிருந்தது, இறுதியில் அன்பில்லை. இரண்டும் ஒருவரிடம் கூடும்போதே தளவாய் தோன்றுகிறான்.

பொதுத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காரியத்தைத் தொடங்குமுன் தலைவரை ஆராய்ந்து தெரிந்தெடுங்கள்; மாறுபட்ட அபிப்பிராயத்தைச் சபையிலே அஞ்சாது சொல்லுங்கள். முடிவு செய்தபின் களத்திலே ஆளுக்கொரு கோட்டை கட்டாதீர்கள். தலைவராவோரும் தம் பலத்தை மிகைப்படுத்தித் தொண்டர்களைப் பீரங்கியின்றிக் கோட்டைமுன் நிறுத்தாதிருப்பாராக. நெற்கட்டுஞ்செவலுக்கு மாலை சூட்டச் செல்வோர் இப்பாடத்தையும் கற்றுத் திரும்பினால், அதுவே அவ்வீரருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.